இடது ஓரம் இரண்டு விரற்கடை

பத்து வருஷமாக ஒரு நூலளவு ஓரத்தை வெட்டினால்கூட மல்லுக்கு நின்ற மனுஷன், தானாகவே வந்து, "ஏழு படத்துலயும் இடது பக்கம் ரெண்டு விரக்கடை வெட்டிடு" என்று சொன்னால் எந்த மனைவிக்குத்தான் சந்தேகம் வராது?

கணவன் தெருவில் போகிறவர் வருகிறவர்களைப் படம் எடுப்பவன். அவள் அந்தப் படங்களைத் திருத்துபவள். அவன் படங்களின் கண்காட்சிக்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது. கணினிக்கும் அவனுக்கும் காத தூரம். அகலமாக அள்ளும் வைட் லென்ஸில் பீப்பாய் மாதிரி புடைத்துக்கொள்ளும் சுவர்களையும் தூண்களையும் நிமிர்த்தும் வேலை முழுவதும் அவள் தலையில்தான். நிமிர்த்தும்போது ஓரம் கொஞ்சம் போகத்தான் செய்யும். அந்தக் கொஞ்சத்துக்கே, "என் படத்தோட கை காலை வெட்டறியே!" என்று வீட்டை ரெண்டுபடுத்துவான்.

"இடது பக்கம் அப்படி என்ன பாவம் பண்ணிச்சு?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. பாக்கறவங்க கண்ணு நடுவுல நிக்கணும், அவ்வளவுதான்."

சொன்னவன் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் கிளம்பிவிட்டான்.

முதல் படத்தைத் திறந்து சுவர்களை நிமிர்த்தினாள். மழைத் தெரு. நடுவில் ஒருத்தர், காற்றில் தலைகீழாக மடங்கிய குடையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். நல்ல படம். எரிச்சலிலும் அதை ஒப்புக்கொண்டாள். பிறகு இடது ஓரத்துக்குப் போனாள். அங்கே ஒரு பெண். சாம்பல் நிற மழைக்கோட்டு, தலையை மூடிய தொப்பி, முகம் தெரியவில்லை. லென்ஸின் ஓரம் அவளைப் பிசைந்த மாவு போல இழுத்து, இரண்டு ஆள் அகலத்துக்கு ஆக்கியிருந்தது.

"சரியான பூசணிக்காய்" என்று திரையைப் பார்த்துச் சொன்னாள். மனசுக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

அந்த ஆறுதல் ஒரு நிமிஷம்கூடத் தங்கவில்லை. கோட்டின் கையில் ஒரு மஞ்சள் பட்டை. அதை எங்கேயோ பார்த்திருக்கிறாள். எங்கே? அண்ணன் வீட்டுக் கதவுக்குப் பின்னால், ஆணியில். அது அண்ணியின் கோட்டு!

அண்ணனும் கணவனும் பேசி நாலு வருஷம் ஆகிறது. "ரோட்ல போறவன் வர்றவனப் படம் பிடிக்கறதெல்லாம் ஒரு தொழிலா?" என்று அண்ணன் பத்துப் பேர் முன்னால் கேட்டுவிட்டான். அன்றைக்கு அந்த வீட்டுக்கு முழுக்குப் போட்டவன்தான் கணவன். அவள் மட்டும் இரண்டு மாசமாகப் புதன்கிழமைகளில், நீச்சல் வகுப்பு என்று சொல்லிவிட்டு, ரகசியமாக அண்ணனைப் பார்த்து வருகிறாள். அப்படியிருக்க அண்ணி எப்படி இவன் படத்தில்? வாரா வாரம் சிரிக்கச் சிரிக்கப் பேசியவளா?

ஆளின் அடையாளம் சரியாகத் தெரியட்டும் என்று ஓரத்து நீட்டலைக் குறைத்தாள். அதற்கு வேறு திருத்தம் உண்டு. அதைத் தொட்டால் நிமிர்த்திய சுவர் மறுபடி வளையும். சுவர் எக்கேடோ கெடட்டும் என்று இழுத்தாள். பூசணிக்காய் மெலிந்தது. அண்ணி நல்ல உயரம். படத்தில் இருந்தவளோ குட்டை. இடது தோள் பையின் கனத்தில் சரிந்திருந்தது. காலில் பழுப்புச் செருப்பு, அதன் வாரில் கறுப்பு நூல் தையல்.

எழுந்துபோய் வாசலில் கிடந்த தன் செருப்பைப் பார்த்தாள். அதே வார், அவளே போட்ட அதே தையல்.

மூன்று வாரத்துக்கு முன்பு, கிளம்பும் நேரத்தில் மழை பிடித்துக்கொள்ள, அண்ணிதான் தன் கோட்டை எடுத்து மாட்டிவிட்டாள்.

மற்ற ஆறு படங்களையும் திறந்தாள். பஸ் நிறுத்தத்தில் அவள், சாலையைக் கடக்கிற அவள், அண்ணன் வீட்டுப் படியில் அவள். எல்லாம் இடது ஓரத்தில். ஒன்றில்கூடக் கேமரா அவளைப் பார்த்துத் திரும்பியிருக்கவில்லை. அந்தத் தந்திரத்தை அவனே நண்பர்களிடம் பீற்றிக்கொண்டது உண்டு: "ஓரத்துல நிக்கறவங்க, கேமரா வேற எங்கேயோ பாக்குதுன்னு நெனச்சுக்குவாங்க. வைட் லென்ஸ் அவங்களையும் சேத்து அள்ளிடும்." அன்றைக்கு அவளும் சேர்ந்து சிரித்தாள்.

பின்னே இந்தப் படங்களை ஏன் அவளிடமே கொடுத்தான்? நன்றாக வந்துவிட்டனவே! வேவு பார்க்கப் போன இடத்தில் நல்ல படம் சிக்கினால், வேவு பார்க்கப் போனதே மறந்துவிடும் ஜென்மம் அது. அப்புறம் ஞாபகம் வந்துதான் இந்த ரெண்டு விரற்கடை.

சாயங்காலம் அவன் உள்ளே வந்தபோது ஏழு படங்களும் வெட்டாமல் திரையில் இருந்தன. வாசலிலேயே நின்றுவிட்டான்.

"அது... தற்செயலா விழுந்திருக்கும்."

"ஏழு புதன்கிழமையுமா?"

மாட்டிக்கொண்டவன் எகிறினான். "நீச்சல் கிளாஸுன்னு சொன்னே. ஒரு நாளாவது உன் தலைமுடி நனைஞ்சுதா? மழை பெய்ஞ்ச அன்னிக்குக்கூட நனையல!"

அவளுக்கே சிரிப்பு வரப் பார்த்தது. அடக்கிக்கொண்டாள். "அண்ணனப் பாக்கப் போனேன். உங்ககிட்ட சொன்னா சண்டை வரும்னு பயந்து மறைச்சேன். என் தப்புதான்."

"தெரியும். ரெண்டாவது வாரமே தெரியும். உங்கண்ணன் படியில இறங்கி வந்து உன் பைய வாங்கினாரே, பாத்தேன்."

"அப்புறம் எதுக்கு இன்னும் அஞ்சு வாரம் பின்னாடியே வந்தீங்க?"

அவன் செருப்பைக் கழற்றுவதுபோல் குனிந்துகொண்டான். "நீயா எப்ப சொல்றேன்னு பாத்தேன்."

தெரியாமல் சந்தேகப்பட்டதை அவளால் பொறுத்துக்கொள்ள முடிந்தது. அவளும்தானே காலையிலிருந்து அதையே செய்துகொண்டிருந்தாள். ஆனால் எல்லாம் தெரிந்த பிறகும், அந்த ஐந்து வாரமும் வீட்டுக்கு வந்து, "இன்னிக்கு எவ்வளவு தூரம் நீந்தினே?" என்று கரிசனமாகக் கேட்டானே, அதுதான் ஆறவில்லை. அவளும் ஒவ்வொரு முறையும் ஒரு கணக்குச் சொன்னாள். அவன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான்.

"வர்ற புதன் நீங்களும் வாங்க" என்றாள். "பின்னாடி இல்ல, கூடவே. கேமரா வேண்டாம்."

"சரி" என்று தலையாட்டினான்.

இரண்டு மாசத்துக்கு முன்னால் என்றால் அதை நம்பியிருப்பாள்.