கிரகணம் பார்த்த முட்டி

நேராக நிற்கும் கால் உழைக்காத கால். வளைந்த கால்தான் வம்சத்துக் கால். கரையாம்புத்தூர் கோயில் கூட்டத்திலேயே எழுந்து இதைச் சொன்னவர் என் அப்பா தங்கவேல். அவர் கால்கள் இரண்டும் அடைப்புக்குறி போல வளைந்தவை. அக்கா வெண்ணிலாவுக்கும் கொஞ்சம் அப்படித்தான். எனக்கு மட்டும் நேர்க்கால். விருந்தாளிகளிடம் என்னை மகன் என்று சொல்வதற்கு முன் அப்பா சற்றுத் தயங்குவார்.

அக்கா மகள் மகிழினிக்கு இரண்டு வயது. நாலு எட்டு வைத்தால் விழுந்துவிடுவாள். கால் வளைந்துகொண்டே போனது.

“எக்ஸ்ரே எடுக்கணும்பா,” என்றாள் அக்கா.

“இன்னாத்துக்கு? நம்ம வம்சத்துக் கால்டி அது! படத்த வெயில்ல தூக்கிப் புடிச்சிக்கினு, எல்லாம் புரிஞ்சாப்ல தலையாட்டுவானுங்க பாரு, அந்தக் கும்பல்ல நாமளும் சேரணுமா?”

அக்கா குழந்தையோடு என் பைக்கில் ஏறிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பரிதா படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டினார். முட்டியருகே எலும்பு நுனிகள் தேய்ந்த துடைப்பம் போலப் பிரிந்திருந்தன.

“எலும்பு கெட்டிப்படவே இல்ல. பரம்பரையா வர்றதா இருக்கலாம். வீட்ல யாரோடயாவது சின்ன வயசுப் படம் இருக்கா?”

இருந்தது. ஒன்பது வயதில் அப்பா கொய்யா மரத்திலிருந்து விழுந்தபோது எடுத்தது. கிரகணம் பார்க்க உதவும் என்று வைத்திருந்தோம். நாற்பது வருடமாகத் தெருவே அதன் வழியாகச் சூரியனைப் பார்த்தது. முட்டியை ஒருவரும் பார்க்கவில்லை.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்த அன்று அதை எடுத்துப் போனோம். நான் தொலைத்துவிடுவேன் என்று அப்பாவும் கூடவே வந்தார். டாக்டர் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார். அதே துடைப்பம். தன் படத்தின் கிரகணப் பெருமையை அப்பா எடுத்துவிட்டார்.

“இதுலயா கிரகணம் பாத்தீங்க? மொதல்ல கண்ணக் காட்டுங்க ஐயா,” என்றார். பிறகு அக்காவிடம் திரும்பினார். “எலும்புக்கு வேண்டிய பாஸ்பேட் சிறுநீர்ல வீணாப் போவுது. இந்த வகை, அப்பாகிட்டேருந்து பொண்ணுக்கு வரும், பையனுக்கு வராது. அம்மாகிட்டேருந்து யாருக்கு வேணும்னாலும் வரலாம். பாப்பாவுக்கு இப்பவே மருந்து ஆரம்பிச்சா கால் நேராவறதுக்கு நல்ல வாய்ப்பு இருக்கு.”

அக்கா அழுதுகொண்டே சிரித்தாள். அப்பா என் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப இவன் நம்ம புள்ளதான்,” என்றார்.

இருபது வருடம் கழித்து, இரண்டு எக்ஸ்ரே சாட்சியோடு நான் பிறந்தேன்.

ஒரு வருடம் ஓடியது. மகிழினியும் ஓடினாள், பெரும்பாலும் அப்பாவின் துண்டைப் பிடுங்கிக்கொண்டு. அன்று அவள் காலின் புதுப் படம் வாங்கி வந்து மேசைமேல் வைத்தேன். சற்று நேரத்தில் காணவில்லை.

தேடிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனேன். கரும்புக்கொல்லை ஓரமாக, யாரும் இல்லையென்று பார்த்துவிட்டு, அப்பா படத்தை வானத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்திருந்தார். மகிழினி அவருடைய வளைந்த கால்களுக்கு நடுவே புகுந்து புகுந்து ஓடினாள். அப்பா, எல்லாம் புரிந்தவர் போல, மெல்லத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.