பன்னிரண்டு ஓட்டைகள்

கம்பெனியின் ஆராய்ச்சி மேம்பாட்டுப் பிரிவு என்பது பெயிண்ட் குடோனைக் காலிசெய்து ஏசி மாட்டிய ஓர் அறை. அதற்கு மூளை ஜெரோம் சார், கை ஃபாயிஸா. அவள் ரெண்டு வருஷமாக டிரெய்னி. இந்த மெஷின் வெளியே வந்ததும் பெர்மனண்ட் என்று முதலாளி மலைச்சாமி வாயாலேயே சொல்லியிருந்தார்.

சின்ன வெங்காயத்தைச் சைஸ்வாரியாகப் பிரிக்கும் மெஷின் அது. அதைக் கண்டுபிடிக்க ஜெரோம் சார் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஒட்டன்சத்திரம் வியாபாரி பிரபுவிடம் பழைய வெளிநாட்டு மெஷின் ஒன்றை வாங்கி லாரியில் ஏற்றினார். வழியில் ரெண்டு பஞ்சர். ஃபாயிஸா அதை நட்டு நட்டாகக் கழற்றி, அளந்து, வரைந்தாள். கியர்பாக்ஸ் மூடியில் விரல் நுழைகிற மாதிரி ஒரு ஓட்டை, அதுவும் கோணலாக. இது எதற்கு என்று கேட்டாள்.

"வெளிநாட்டுக்காரன் சும்மா போடுவானாம்மா? காத்தோட்டம். அந்தக் கோணலயும் விட்றாம வரை."

வரைந்தாள். 'சுவாசிக்கும் கியர்பாக்ஸ்' என்று பேனரே அடித்தார்கள்.

அறிமுக விழாவில் பன்னிரண்டு மெஷின்கள் நிலக்கோட்டை மல்லிகை மாலையோடு நின்றன. மலைச்சாமி 'இன்னவேஷன்' என்று பதினேழு தடவை சொல்லிவிட்டு சுவிட்சைப் போட்டார். கால் மணி நேரத்தில் வெங்காயச் சருகு ஓட்டை வழியாக இறங்கி, முதல் மெஷின் முக்கிக்கொண்டு நின்றது. பின்னாலேயே மற்றவையும். விருந்தாளியாக வந்திருந்த பிரபு குனிந்து பார்த்தார்.

"ஏனுங்க, எண்ணெய் ஊத்த வழியில்லாம நான் தொளச்ச ஓட்டைங்க அது. துணி அடைச்சு வெச்சிருந்தேன், லாரியில வர்றப்ப விழுந்திருக்கும். அதப்போயி எல்லாத்துலயும் எதுக்குங்க போட்டீங்க?"

யாராவது சிரித்திருந்தாலாவது தேவலை.

மறுநாள் மலைச்சாமி, வரைந்தது யார் என்றார். ஜெரோம் சார் வரைபடத்தை விரித்து, ஃபாயிஸாவின் கையெழுத்தில் விரலை வைத்தார். அப்போதே சந்தேகம் கேட்டேன் என்றாள் அவள்.

"கேட்டேல்ல? அப்புறம் ஏன் வரைஞ்ச?" என்றார் மலைச்சாமி.

ஒரு ரப்பர் மூடி போட்டால் போதும் என்றும் அவள்தான் சொன்னாள். ஜெரோம் சார் நோட்டில் குறித்துக்கொண்டார். அடுத்த வாரம் அது 'ஸ்மார்ட் சீல்' ஆனது. அவர் வைஸ் பிரசிடெண்ட் ஆனார். ஃபாயிஸாவுக்கு ஒரு கடிதம் வந்தது: வரைபடப் பிழையை முன்னிட்டு, பயிற்சிக் காலம் மேலும் ஓராண்டு.

நாகல் நகர் வீட்டிலிருந்து அம்மா ஜெய்தூன் பீவி போன் போட்டாள். லெட்டர் வந்துருச்சாமே, வேலை பெர்மனண்ட்தானே என்று கேட்டாள்.

"ஆமாம்மா," என்றாள் ஃபாயிஸா. "ஒரு வருஷத்துக்கு பெர்மனண்ட்."

அல்ஹம்துலில்லாஹ் என்றாள் அம்மா.