ஒத்துப்போகவில்லை

எங்கள் வார்டில் மணல் கும்பலை எதிர்த்து நர்ஸம்மா வேட்புமனு போட்டதும் பலரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ரிட்டயரானவர் வீட்டில் சும்மா கிடக்கக் கூடாதா என்றார்கள். சிரித்தவர்களில் பாதிப் பேர் அவர் கையால் ஊசி போட்டுக்கொண்டவர்கள். கும்பலின் தலைவனுக்குப் பட்டப்பெயர் கிரேன். எதையும் தூக்குவான், ஆட்கள் உட்பட. அவன் தம்பிதான் எதிர் வேட்பாளர். மற்றவர்களெல்லாம் எப்போதோ ஒதுங்கிவிட்டார்கள்.

நான் தேர்தல் அலுவலகத்தில் கிளார்க். மனுவை இரண்டு பேர் முன்மொழிந்து கையெழுத்துப் போட வேண்டும். ஒரு கையெழுத்து பொய்யென்றாலும் மனு செல்லாது. நர்ஸம்மாவுக்குப் போட்டவர்களில் ஒருவன் என் தங்கையின் கணவன், டெய்லர். என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், என் பேனாவை வாங்கித்தான் போட்டான். "நல்லவங்களும் நாலு பேர் உள்ள போகணும் மச்சான்" என்று வீரமாகப் பேசினான். நானும் முட்டாள்தனமாகத் தோளில் தட்டிக்கொடுத்தேன்.

பரிசீலனை நாளில் கிரேனின் ஆட்கள் இரண்டு பேர் தங்கை கணவனை அழைத்து வந்து வராந்தாவில் நின்றுகொண்டார்கள். அவன் மட்டும் உள்ளே வந்தான்.

"இது என் கையெழுத்து இல்லைங்க சார்."

நர்ஸம்மா அவனையே பார்த்தார். "எழுதிக் குடுங்க" என்றார் தேர்தல் அதிகாரி. தாள் எடுப்பதுபோல நான் அவனைப் பீரோ பக்கம் இழுத்துப் போனேன்.

"என்ன மாப்பிள்ளை இது?"

"பாப்பாவை ஸ்கூல்லேருந்து கூட்டிட்டுப் போயிருக்காங்க. ஐஸ்கிரீம் வாங்கிக் குடுத்து கார்ல சுத்துறாங்களாம். போன்ல சிரிக்கிறா மச்சான்."

"போலீசுக்கு..."

"ஜீப்பே அவங்க வாங்கிக் குடுத்ததுதானே."

அவன் போய் உட்கார்ந்து, மனுவில் இருப்பது தன் கையெழுத்தல்ல என்று எழுதினான். எழுதிவிட்டு, பயத்தில், அடியில் எப்போதும்போலக் கையெழுத்தைப் போட்டான். அதே சுழி, அதே வால், கீழே அதே இரண்டு புள்ளி. பேனாவை எடுத்த பிறகுதான் அவனுக்கே உறைத்தது. என்னைப் பார்த்தான்.

இப்படித் தகராறு வந்தால் இரண்டு கையெழுத்தையும் ஒப்பிட்டு கிளார்க் ஒரு வரி எழுத வேண்டும். அதை வைத்துத்தான் அதிகாரி முடிவு சொல்வார். அவர் இரண்டு தாளையும் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்களே பார்த்து எழுதிடுங்க" என்று என் பக்கம் தள்ளிக் கைகழுவிவிட்டார்.

"உள்ளதை எழுதுப்பா" என்றார் நர்ஸம்மா. கெஞ்சவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார்.

'ஒத்துப்போகவில்லை' என்று எழுதினேன். நர்ஸம்மா அதைப் படித்துவிட்டுத் தன் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அடுத்த கால் மணி நேரத்தில் கிரேனின் தம்பி போட்டியின்றி ஜெயிப்பது உறுதியாகிவிட்டது. தங்கை போன் செய்தாள். "பாப்பா வந்துட்டாண்ணா. சாப்பிட்டுட்டு இருக்கா." பாத்ரூமுக்குள் போய் அழுதேன். பிள்ளைக்காகச் செய்தது, தப்பில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மதியம் இன்னும் மூன்று வார்டுகளின் மனுக்கள் என் மேசைக்கு வந்தன. மூன்றிலும் அதே புகார். மூன்றிலும் மனுவில் இருந்த கையெழுத்தும் மறுத்து எழுதிய தாளின் கையெழுத்தும் அச்சு அசலாக ஒன்றுதான். மறுத்தவர்களில் எனக்குச் சொந்தக்காரர் யாரும் கிடையாது.

"அதே மாதிரி எழுதிடுங்க" என்றார் அதிகாரி.

வராந்தாவை எட்டிப் பார்த்தேன். கிரேன் ஆட்கள் ஒருவரும் இல்லை. சாப்பிடப் போயிருந்தார்கள். மூன்றிலும் 'ஒத்துப்போகவில்லை' என்றே எழுதிக் கொடுத்தேன்.