முதுகுக்குப் பின்னால் ஒரு கோல்

கால்பந்தாட்டத்தை முதுகால் பார்த்தவர் என்று ஒருவரைச் சொல்ல முடியுமானால் அது அவர்தான். அதனால்தான் சலூனில் அவருக்கு 'முதுகு' என்று பெயர். போலீஸில் இருந்த காலம் முழுக்க மைதானத்தில் பந்தோபஸ்து என்றால் அவரைத்தான் போடுவார்கள். பந்தோபஸ்துக்கு நிற்கிறவன் கூட்டத்தைப் பார்த்து நிற்க வேண்டும், ஆட்டத்தைப் பார்க்கக் கூடாது. பின்னால் உலகமே புரண்டாலும் திரும்பக் கூடாது. திரும்பினால் மேலதிகாரி தோலை உரித்துவிடுவார். அப்படி நின்று நின்றே எத்தனையோ நல்ல ஆட்டங்களை எதிரே இருந்தவர்களின் முகத்தில் பார்த்து முடித்துவிட்டார், பாவம்.

சனிக்கிழமை மத்தியானம் கூட்டம் ஓய்ந்ததும் சலூன்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிடுவார். அவரும், மாடியில் அலுவலகம் வைத்திருக்கும் வக்கீலும், முதுகுமாக மூன்று பேரும் உட்காருவார்கள். பேச்சு எங்கே தொடங்கினாலும் அந்தப் பழைய இறுதி ஆட்டத்தில்தான் வந்து நிற்கும். கடைசி நிமிஷத்தில் உள்ளூர்க்காரன் அடித்த பந்து மேல்கம்பத்தில் பட்டுக் கீழே விழுந்தது. கோட்டுக்கு உள்ளேயா, வெளியேயா? கோல் இல்லை என்று நடுவர் கையை விரித்தார். கோப்பை போனது. கூட்டம் வேலி தாண்டிக் குதித்தது, போலீஸ் தடியை எடுத்தது.

"பந்து முழுசாக் கோட்டைத் தாண்டணும். முக்கால்வாசி தாண்டினா, சட்டப்படி தாண்டவே இல்லை" என்பார் வக்கீல். அவர் பெண் எடுத்தது எதிரணியின் ஊரில்.

"மாமியார் வீட்டு உபசாரம் பேசுது" என்பார் சலூன்காரர். பிறகு பேன்டைச் சுருட்டிக் கெண்டைக்காலில் இருக்கும் தழும்பைக் காட்டுவார். "ஓடுறவனை அடிக்கலாம்னு எந்தச் சட்டத்துல இருக்கு, வக்கீல் சார்?"

"எதுலயும் இல்லை. கலைஞ்சு போங்கன்னு முதல்ல எச்சரிக்கணும். அன்னிக்கு எவனும் எச்சரிக்கலை."

"அது தப்புதான்" என்று முதுகு ஒப்புக்கொள்வார். "ஆனா அது கோல்தான்."

"உமக்கு எப்படித் தெரியும்? நீர்தான் திரும்பவே இல்லையே!"

"என் வீட்டுக்காரி பார்த்தா."

"அடுத்தவங்க சொல்லிக் கேட்டதெல்லாம் சாட்சியம் ஆகாதுய்யா."

முதுகு அசைய மாட்டார். கல்யாணமான புதிது அது. அவள் சலூன்காரர் குடும்பத்தோடு வந்து, அவருக்கு நேர் எதிரே முதல் வரிசையில் உட்கார்ந்துவிட்டாள். புருஷன் ஆட்டம் பார்க்க முடியாதாமே, அவள் பொறுப்பாளா? பார்த்துப் பார்த்து உரக்கச் சொல்லிக்கொண்டே இருந்தாள், கூட்டத்தின் இரைச்சலில் பாதிதான் அவர் காதில் விழுந்தது. அதற்குப் பிறகு சமையலறையில், பேருந்தில், ஆஸ்பத்திரிக் கட்டிலில், எங்கே பேச்சு வந்தாலும் ஒரே தீர்ப்புதான்: "கோல்தாங்க. என் ரெண்டு கண்ணால பார்த்தேன்." அவள் பார்த்ததை அவர் தன் கண்ணால் பார்த்ததாகவே எடுத்துக்கொண்டார்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அவள் போய்விட்டாள். வீடு நிறையப் புகைப்படம் இருக்கிறது. குரல்தான் இல்லை. அவள் பேசிய பேச்செல்லாம் முதுகுக்கு நினைவிருக்கிறது, பேசிய குரல் மட்டும் நாளாக ஆகத் தேய்ந்துகொண்டே வந்தது. இதை அவர் சலூனில் சொல்லவில்லை. பயமாக இருக்கிறது என்று ஆண்பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது?

இந்தச் சமயத்தில்தான் சலூன்காரரின் மச்சான் பரணைச் சுத்தம் செய்யப்போய்ப் பழைய வீடியோ கேசட் ஒன்றைக் கண்டெடுத்தார். அந்த ஆட்டத்தை அவர் புதுக் கேமராவில் பிடித்திருந்தார், அதுவும் அதே முதல் வரிசையில் உட்கார்ந்து. கடையில் கொடுத்து டிவியில் போடுகிற மாதிரி மாற்றி வாங்கிவிட்டார்கள்.

அந்தச் சனிக்கிழமை வக்கீல் கறுப்புக் கோட்டோடே இறங்கி வந்தார். டிவி கண்ணாடிக்கு மேலே இருந்தது. முதுகு முடிவெட்டும் நாற்காலியில் உட்கார்ந்தார், மற்ற இருவரும் எதிர்ச்சுவர் பெஞ்சில். படம் ஓடியது. சத்தம் வரவில்லை.

"சத்தம் வைய்யா" என்றார் முதுகு.

"ஒரே இரைச்சல். நான்தான் நிறுத்தினேன்" என்றார் சலூன்காரர்.

"பந்து சத்தமா போடுது? பேசாமப் பாரும்" என்றார் வக்கீல்.

கடைசி நிமிஷம் வந்தது. பந்து எழும்பியது, கம்பத்தில் பட்டது, கீழே இறங்கியது. இறங்கிய இடத்தில் ஒரு தொப்பி. தொப்பிக்குக் கீழே மீசை அரும்பிய ஓர் இளம் போலீஸ்காரனின் முகம். கோல்கோட்டை அப்படியே மறைத்துக்கொண்டு, கேமராவைப் பார்த்து விறைப்பாக நிற்கிறான்.

சலூன்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "யோவ் முதுகு! இவ்வளவு பெரிய மைதானத்துல உமக்கு நிக்க வேற இடமே கிடைக்கலையா?"

வக்கீல் கண்ணில் நீர் வரச் சிரித்தார். முதுகு சிரிக்கவில்லை.

"சத்தம் வைய்யா" என்றார் மறுபடியும். குரல் உடைந்திருந்தது. சலூன்காரர் அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு படத்தைப் பின்னுக்கு ஓட்டிச் சத்தத்தைக் கூட்டினார்.

இரைச்சல், விசில், ஆரவாரம். அதற்கெல்லாம் மேலே, கேமராவுக்குப் பக்கத்திலேயே, ஒரு பெண்குரல்.

"வலது பக்கம் போறான்... ஐயோ, ஒருத்தனைத் தாண்டிட்டான்... திரும்பிடாதீங்க, உங்க அதிகாரி இங்கதான் பார்த்துட்டு இருக்காரு! நான் சொல்றேன், நீங்க கேட்டுட்டே இருங்க... அடிச்சுட்டான்! கம்பத்துல பட்டு... என்னங்க, கொஞ்சம் நகருங்களேன்! மறைக்குது! ஐயோ, போச்சு, ஒண்ணுமே தெரியலையே!"

திரையில் இளைஞன் நகரவே இல்லை. உதட்டோரம் மட்டும் லேசாகத் துடித்தது.

அவள் பார்க்கவே இல்லை. பார்க்க விடாமல் நின்றதே இவர்தான். அப்படியிருந்தும், புருஷனுக்கு ஒரு கோலாவது கிடைக்கட்டும் என்று ஆயுசு முழுக்க ஒரே பொய்யைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். முதுகுக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கச் சிரிக்க அழுகையும் வந்தது.

"கேஸ் தோத்துட்டேன், வக்கீல் சார்" என்றார், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

வக்கீல் எத்தனை வருஷமாகக் காத்திருந்த வெற்றி! அவர் எழுந்து கோட்டைச் சரிசெய்துகொண்டார்.

"யார் சொன்னது? கூடவே வாழ்ந்த சாட்சி, கடைசி வரைக்கும் மாத்திப் பேசலை. இதுக்கு மேல என்னய்யா வேணும்? கோல்தான்."

சலூன்காரர் வாயைப் பிளந்தார். "வீட்டுல தெரிஞ்சா உங்களை உள்ளயே சேர்க்க மாட்டாங்க, சார்."

"நீர் சொல்லாம இரும்."

முதுகு முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இன்னொரு தடவை போடுய்யா. முதல்லேருந்து."

சலூன்காரர் போட்டார். முதுகு காலால் தரையை உந்தி, நாற்காலியை மெல்லச் சுழற்றினார். டிவி அவருக்குப் பின்னால் போய்விட்டது. பெஞ்சைப் பார்த்து, முதுகை நிமிர்த்திக்கொண்டு, ஆட்டத்துக்குத் திரும்பாமல் உட்கார்ந்தார்.

"வலது பக்கம் போறான்..." என்றது குரல்.

பெஞ்சில் இருந்த இருவரும் டிவியைப் பார்க்கவில்லை. அந்த ஆட்டம் முழுவதையும் அவர் முகத்தில்தான் பார்த்தார்கள்.