அவசரமில்லாத அத்தான்

அத்தான் இரண்டு நாள் பேரம் பேசும் பயிற்சிக்குப் போய்விட்டு வந்தார். அதற்கு முன்பு அவர் வெறும் முட்டாள். இப்போது சான்றிதழ் பெற்றவர்.

அக்காவுக்கு எட்டாம் மாதம். குடியிருப்பதோ மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. கீழ் வீடு காலியானதும், "ஓனர்கிட்ட கேளுங்க, இனிமே என்னால படி ஏற முடியாது" என்றாள். அதை அப்படியே கீழே கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு தபால்காரர் போதும். அத்தான் மூன்று பக்கம் குறிப்பெடுத்தார்.

"நம்ம தேவை எதிராளிக்குத் தெரியவே கூடாது மச்சான். தெரிஞ்சா நம்ம குடுமி அவன் கையில."

"ஆறு மாசமா மக வீட்ல இருந்துட்டு நேத்துதான் வந்திருக்காரு அந்த மனுஷன். தான் எதிராளின்னு அவருக்கே தெரியாது."

அக்கா வெளியே தலைகாட்டக் கூடாதென்று உத்தரவு. வயிறு தெரிந்தால் பேரம் படுத்துவிடுமாம்.

ஓனர் முன்னால் அத்தான் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். நான் பக்கத்தில் வெட்கத்தோடு உட்கார்ந்தேன்.

"கீழ் வீடு வேணுமா தம்பி?"

"வேணும்னு இல்ல. கிடைச்சா யோசிப்போம்."

"மேல ஏதாவது தொந்தரவா?"

"சேச்சே! காத்து பிச்சுக்கிட்டு வருது. அவளுக்குப் படி ஏறி இறங்குறதுன்னா அவ்ளோ இஷ்டம்."

"நல்லதாப் போச்சு. தையல்காரர் ஒருத்தர் கடை வைக்கக் கேட்டாரு. நீங்க கேப்பீங்களோன்னுதான் நிறுத்தி வச்சேன்." ஓனர் போனை எடுத்தார்.

"ஆட்டம் காட்டுறாரு பாத்தியா?" என்றார் அத்தான் என் காதில்.

ஓனர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு எண்ணைத் தேடினார். நான் மாடிக்கு ஓடினேன்.

தையல்காரர் போனை எடுக்காத புண்ணியத்தில் அக்காவுக்கு நேரம் கிடைத்தது. ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கி இறங்கி வந்தாள். ஓனர் மூன்றாம் முறையாக முயன்றுகொண்டிருந்தார்.

"என்னால படி ஏற முடியல. கீழ் வீட்டைக் குடுங்க."

ஓனர் அவளைப் பார்த்தார். போனை வைத்தார். "இதைச் சொல்ல இவருக்கு என்ன கேடு?" என்று சாவியை நீட்டினார்.

"உடனே வாங்கிடாத. ரெண்டு நாள் டைம் கேளு" என்று அத்தான் கிசுகிசுத்தார்.

அக்கா கதவைத் திறந்து, வெறும் தரையில் காலை நீட்டி உட்கார்ந்தாள். "நான் இனி மேல வரமாட்டேன். கட்டிலை இறக்குங்க."

இரண்டாம் மாடித் திருப்பத்தில், கட்டிலின் கீழ்முனையைச் சுமந்தபடி அத்தான் மூச்சிரைக்கச் சொன்னார்: "எல்லாம் நான் போட்ட அடித்தளம் மச்சான்."

நான் என் பக்கத்துப் பிடியைக் கொஞ்சம் தளர்த்தினேன்.