விளக்கு வைக்கும் நேரத்துக் கதவு

ஓசூர்க் குளிரை வெளியூர்க்காரர்கள் யாரும் நம்புவதில்லை. திருமங்கலத்துக்காரன் பூபதி மட்டும் நம்பினான். இங்கே கம்பெனி வேலைக்கு வந்து, சம்பங்கியின் தங்கை காவியாவைக் கட்டிக்கொண்டவன். தாய்வீட்டில் பிள்ளை பெற்றிருந்தவளிடம் போன ஞாயிறு கறாராகச் சொல்லிவிட்டான்: எடை குறைந்து பிறந்த பிள்ளை, கால் சில்லென்றிருக்கிறது, அடுத்த ஞாயிறும் இப்படியே இருந்தால் திருமங்கலத்துக்கு அம்மாவிடம் கூட்டிப்போய்விடுவேன். போனால் காவியாவின் நர்சிங் கடைசிப் பரீட்சை அதோடு சரி.

சம்பங்கிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த வீட்டின் முதல் டிகிரி அவளுடையது. இரண்டாவது பாதியில் நிற்பதா? ஹீட்டர் போட்டால் லைன் வீடுகள் அத்தனைக்கும் ஃபியூஸ் போகிறதென்று வீட்டு ஓனர் தடுத்துவிட்டார். சரி, இருக்கிற சூட்டையாவது வெளியே விடாமல் பிடிப்போம் என்று இறங்கினாள். தான் வேலை பார்க்கும் கம்பெனியில் பார்சல் பிரித்துத் தூக்கிப்போடும் தெர்மாகோலைக் கேட்டு வாங்கிவந்து, கூரையின் சிமெண்ட் ஷீட்டுக்கு அடியில் கட்டினாள். சுவருக்கும் ஷீட்டுக்கும் நடுவே இருந்த சந்தில், காற்றுக்கு ஒரு துளை விட்டு, மீதியில் பழந்துணி திணித்தாள். ஜன்னல் இடுக்கெல்லாம் டேப்.

அப்படியும் நன்றாக இருட்டியபின் கம்பெனி பஸ்ஸில் இறங்கி வந்தால் வீடு ஜில்லென்றே கிடந்தது. பகலெல்லாம் வெயில் காய்ந்த வீடு, சூடு எங்கே போகிறது? டேப்பைப் பிரித்து மறுபடி ஒட்டினாள். ஷீட்டைச் சந்தேகப்பட்டாள், தரையைச் சந்தேகப்பட்டாள், கடைசியில் தான் படித்த பிசிக்ஸையே சந்தேகப்பட்டாள். அம்மா சென்னம்மாவைக் கேட்டால், மார்கழி என்றால் குளிராதா என்றாள்.

பூபதி கெடு வைத்த ஞாயிறு, லீவு. பொழுது சாய, அம்மா விளக்கேற்றி வைத்துவிட்டு வாசல் கதவை ஆவென்று திறந்துபோட்டாள். சானமாவுக் காட்டுப் பக்கத்துக் காற்று நேராக உள்ளே வந்து உட்கார்ந்தது.

"தெனமும் இதானா?"

"வெளக்கு வெக்கற நேரத்துல கதவ சாத்துவாங்களாடி? லட்சுமி எந்த வழியா வருவா, உன் டேப்ப பிச்சுக்கிட்டா?"

சம்பங்கி கதவை அறைந்து சாத்தினாள். காவியா எழுந்து வந்து திறந்தாள். யாருக்காக இத்தனையும் செய்தாளோ, அவளே.

"நர்சிங் படிக்கறவடி நீ."

"நம்பியெல்லாம் தொறக்கலக்கா. நாளைக்குப் பிள்ளைக்கு ஒண்ணுன்னா, அன்னைக்குக் கதவ சாத்துனமேன்னு இருக்கும். அத என்னால தாங்க முடியாது."

சம்பங்கி மறுபடி சாத்தவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து முதுகால் காற்றை மறைக்கப் பார்த்தாள். இந்நேரத்தில் படியில் உட்காராதே என்று அம்மா அதட்டினாள். எழுந்தாள். எங்கே நிற்பதென்று தெரியவில்லை.

அந்நேரம் பார்த்துப் பூபதி வந்தான். திறந்த கதவையும் கூரைத் தெர்மாகோலையும் மாறி மாறிப் பார்த்தான்.

"என்ன மதினி, மேல அடச்சுட்டு முன்னால வாசல விட்டுட்டீகளா?"

பிள்ளை எங்கே என்று கேட்டான். காவியா ஸ்வெட்டர் பொத்தானைக் கழற்றிக் காட்டினாள். பிள்ளை உள்ளே அவள் நெஞ்சோடு ஒட்டிக் கிடந்தது. இந்த வாரம் முழுக்க, கதவு திறந்திருக்கும் நேரமெல்லாம் அங்கேதான். பூபதி கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு பாதத்தைத் தொட்டான். நம்பாமல் இன்னொரு பாதத்தையும் தொட்டான்.

"கதகதன்னுதான் இருக்கு. பரீட்சை முடியட்டும்."

அம்மா விளக்கைக் கும்பிட்டாள். சம்பங்கி தெர்மாகோலைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், தங்கையின் ஸ்வெட்டரைப் பார்த்தாள். எது பிள்ளையைக் காத்ததென்று விளங்கவில்லை. கோபம் அப்படியே இருந்தது. யார்மேல் என்பதுதான் குழம்பிப்போயிருந்தது. நன்றாக இருட்டியதும், இப்போது சாத்தலாம் என்றாள் அம்மா. சம்பங்கி கதவைச் சாத்தி, அடி இடுக்கில் சாக்கை மடித்துத் திணித்தாள்.