சொக்கம்மாள் டீயில் விழுந்த மாத்திரை

“டீல இன்னாடி போட்ட? சொல்லிட்டுப் போடி!” சொக்கம்மாள் வாசலில் நின்று போட்ட கூச்சலில், திருப்புலிவனம் மேட்டுத் தெருவே குழாயடியில் குடத்தை விட்டுவிட்டு ஓடிவந்தது.

“சக்கரைக்கு பதிலா போடற மாத்திர அத்தே. டாக்டர்தானே எழுதிக் குடுத்தாரு?” என்றாள் மருமகள் ஜெயப்பிரியா.

“அது கேன்சர் மருந்தாம்! எம் பொண்ணு போன்ல வீடியோவே காட்னா. இவ என்ன மேல அனுப்பப் பாக்குறா!”

மகள் இளவரசி காவாந்தண்டலத்தில் வாழ்க்கைப்பட்டவள். மாதம் ஒருமுறை வந்து, அம்மாவுக்கு ஒரு வீடியோவும் அண்ணிக்கு ஒரு பழியும் கொடுத்துவிட்டுப் போவாள். இந்தத் தடவை கூடவே இரண்டு கிலோ நாட்டுச்சர்க்கரை. “இது இயற்கம்மா. சுகருக்கு ஒண்ணும் பண்ணாது.”

ஜெயப்பிரியாவின் கண் மாமியாரின் கால் கட்டைவிரலில் இருந்தது. செருப்பு கடித்த புண், ஒரு மாதமாக ஆறவில்லை. சர்க்கரை இறங்காவிட்டால் விரல் தங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் எதிர்வீட்டு எல்லம்மாள், “அவ்ளோ நல்ல மருந்துன்னா நீயே குடிச்சிக் காட்டேன்” என்றாள். ஜெயப்பிரியா குடித்தாள். டம்ளரைக் கவிழ்த்தும் காட்டினாள்.

“வயசுப் பொண்ணு, தாங்கும். கெழவி தாங்குமா?” என்றாள் எல்லம்மாள்.

கடைசியில் அம்மன் கோயில் வாசலுக்கு இழுத்துப்போய், இனி மாமியார் டீயில் நாட்டுச்சர்க்கரை தவிர வேறெதுவும் போடமாட்டேன் என்று கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யவைத்தார்கள். தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவன் கணவன் தினகரன். நல்ல பிள்ளை.

அன்றிலிருந்து ஜெயப்பிரியா சண்டையே போடவில்லை. வேளைக்கு மூன்று கரண்டி, குவித்து. மருமகள் திருந்திவிட்டாள் என்று தெரு மெச்சியது.

மூன்றாம் மாதம் ஆஸ்பத்திரியில் விரலை எடுத்தார்கள். வீடு திரும்பிய சொக்கம்மாள் கெஞ்சினாள். “அந்த மாத்திரயே போடும்மா. இல்லாங்காட்டி வெறும் டீயாச்சும் குடு.”

“ஐயோ அத்தே, கற்பூரம் அணைச்சிகீறேன். சாமி குத்தம் ஆயிடும்.” மூன்றாவது கரண்டியையும் போட்டு, இதமாக ஆற்றி, கையில் கொடுத்தாள். எழுந்துபோய் வேறு போட்டுக்கொள்ளக் கிழவிக்குக் கட்டுப்போட்ட கால் விடவில்லை. வேண்டாமென்று தள்ள நாக்கும் விடவில்லை. குடித்தாள்.

பொங்கலுக்குள் முழங்கால் வரை காலும் போயிற்று.

தை கடைசியில் எல்லம்மாள் மகள் நிஷாவை மதுராந்தகத்தில் கட்டிக்கொடுத்தார்கள். தினகரனும் ஜெயப்பிரியாவும் வேலைக்குப் போகக் கம்பெனி வேன் வசதியென்று ஒரகடத்துக்குக் குடிபோனார்கள். சொக்கம்மாளை ஆட்டோவில் ஏற்றிக் காவாந்தண்டலத்தில் இறக்கினார்கள். இளவரசி வாசலுக்கு வர வெகுநேரம் ஆயிற்றாம்.